சாம்பலுக்குக் கீழ மணல்

கிளென்ஃபீல்ட், ஒக்லாந்து
6 செப்ரெம்பர் 1987

டோறின்,

உன்ர கடிதம் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஹிரோஷி. ஹிரோஷி குடை பிடிச்சான், ஹிரோஷி மீன் பொரிச்சான். அவன் மண் தோண்ட வந்தவனோ, சமைக்க வந்தவனோ?

நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டாத்தான் ஜியோலஜி துவங்கினம். இடையில விட்டது நான்தான். ஆரும் துரத்தேல்லை, ஒரு இடத்தில இருந்தா எனக்குக் கால் உளையும். இப்ப நீ அங்க வயலுக்க நிண்டு ஆயிரத்திச் சொச்சம் வருஷத்துக்கு முந்தி வந்த கடலைத் தேடுறாய். நான் இஞ்ச மோல் கடையொண்டில பால்பெட்டி அடுக்குறன். எரிச்சல்தான். ஏன் மறைப்பான்?

உன்ர அம்மாவை நேற்று மோலில கண்டனான். "நத்தார்ப் பெருநாளுக்கு வருவாளோ தம்பி" எண்டு கேட்டா. ஹிரோஷியைக் கேளுங்கோ எண்டு வாய்வரைக்கும் வந்திட்டுது.

மூர்த்தி


செண்டாய், யப்பான்
24 செப்ரெம்பர் 1987

அன்பு மூர்த்தி,

சுகமோ எண்டு ஒரு வரி கேக்கேல்லை நீ. சரி, நானே சொல்லுறன், சுகமில்லை.

869இல நிலம் நடுங்கி, கடல் கோட்டைவரைக்கும் ஏறி, ஆயிரம் சனம் செத்ததெண்டு இவையின்ர பழைய அரசகுறிப்பில இருக்கு. எரிமலை வெள்ளைச் சாம்பல் கொட்டினது அதுக்குப் பிறகு. அப்ப அந்தக் கடல்மணல் சாம்பலுக்குக் கீழ கிடக்கோணும். வயலுக்க குழாய் இறக்கி எடுத்த மண்ணில முழுசா வந்த ஒரே துண்டில மணல் சாம்பலுக்கு மேல இருக்கு. பிந்தி வந்த வேற வெள்ளமாம். பேராசிரியர் அப்பிடிச் சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி குடிச்சார்.

அண்டைக்கு எவ்வளவு சந்தோசமா இருந்தது. முழங்கால்மட்டும் சேறு, ஒரே சிரிப்பு, ஹிரோஷி குழாய்க்குள்ளயிருந்து தள்ள நான் துண்டைப் பெட்டியில ஏந்தினன். பிறகு நீ காட்டித்தந்த மாதிரி மணலைப் பல்லில வைச்சுக் கடிச்சுப் பார்த்தன். சாம்பலுக்குக் கிட்ட அரிசிமா மாதிரி. மேல போகப் போக நறநறக்குது. ஹிரோஷி எனக்கு விசர் எண்டு நினைச்சிருப்பான்.

இது சரிவந்திருந்தா இஞ்ச இன்னும் மூண்டு வருஷம். சரிவரேல்லை, நத்தாருக்கு அங்க நிப்பன். அம்மாவுக்கு இப்ப சொல்லாத.

டோறின்


கிளென்ஃபீல்ட்
18 ஒக்டோபர் 1987

டோறின்,

உன்ர கடிதம் வந்து கனநாள். வாசிச்ச உடன நான் சந்தோசப்பட்டன். உன்னை எயார்போட்டில ஏத்த பக்கத்து வீட்டுச் சோதிலிங்கத்தாரின்ர வான் வண்டியையும் கேட்டு வைச்சிட்டன்.

அலை வந்தா பாரமான மணலைத்தான் முதல் போடும். மா மாதிரி இருக்கிறது கடைசியா மேல படியும். உன்ர துண்டில மறுவளம். ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பில அதைத் தலைகீழாப் பெட்டியில வைச்சிருக்கிறியள். எந்த முனை முதல் வெளியில வந்தது எண்டு யோசி. பெட்டியைத் திருப்பிப் பார், மணல் சாம்பலுக்குக் கீழ போயிடும். அது உன்ர கடல்தான்.

எழுதாமல் விட்டிருந்தா நீ வந்திருப்பாய். அப்பிடித்தான் இவ்வளவு நாளும் விட்டுப் பார்த்தன்.

அம்மாவுக்கு நீயே எழுது. வான் வேண்டாமெண்டு நான் சொல்லுறன்.

அவனோட சிரி, மீன் தின், என்னவும் செய். மண்ணைப் பல்லில கடிக்கிறதை மட்டும் அவனுக்குப் பழக்காத.

மூர்த்தி