தப்பாக நிறுத்தியவனுக்கு ஒரு டீ

போன வாரம் மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு நம் கிரேனில் பிரஸ் மெஷின் இறக்கும்போது வேலை பாதியில் நின்றது. நிறுத்தியவன் பிஜய். ஒடிசாவிலிருந்து வந்து நம் ஆட்களோடு சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மெஷினைத் தாங்கிய பெல்ட் ஓரத்தில் கிழிந்துவிட்டது என்று நினைத்து, நிறுத்தச் சொல்லி மூடிய கையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். கன்ட்ரோல் ரூமில் கேமரா பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி இன்ஜினியர் ஹெட்செட்டில், "கிளியர்தான், இறக்குங்க" என்றார். கிரேனில் இருந்த தேவராஜ் காதில் கேட்டதை விட்டுவிட்டுக் கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டான். மெஷின் அந்தரத்தில் நின்றது.

கட்டைகளை அடுக்கி, மெஷினை அதன்மேல் உட்காரவைத்து, பெல்ட்டைப் புரட்டிப் பார்த்தோம். கிழிசல் இல்லை. காய்ந்துபோன கிரீஸ் கறை.

இன்ஜினியர் வெளியே வந்து, "ஒரு கறைக்காக என் ஷிப்ட் நிக்குது" என்றார். அவர் கோபத்தில் தப்பு இல்லை. நான் பிஜயைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே இருந்த டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் டம்ளரை வாங்கவில்லை. "அண்ணா, வேலை போச்சா?" என்றான். "குடிடா முதல்ல" என்றேன். இஞ்சி தட்டிப் போட்ட பால் பொங்குகிற வாசனை வந்தது. உன்னை நினைக்காமல் அன்றைய பொழுதை ஓட்டிவிடலாம் என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், மச்சான். முடியவில்லை.

கள்ளிக்குப்பத்தில் ஒரே தெருவிலிருந்து நீ பட்டாளத்துக்குப் போனாய், நான் பழைய இரும்பு வியாபாரத்துக்குப் போனேன். நீ பென்ஷனோடு திரும்பி வந்தபோது, ஏலத்தில் எடுத்த ராணுவ கிரேன் ஒன்று என் யார்டில் நின்றுகொண்டிருந்தது. அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து டயரை உதைத்தாய். "இரும்பு வாங்கிகீற மாமே, ஆளு எங்க கீது?" என்றாய். ஆட்களை நீதான் சேர்த்தாய், அவர்களுக்கு விதிகளையும் நீதான் போட்டாய். சிக்னல் ஒருவன்தான் கொடுக்க வேண்டும். ஆனால் நிறுத்தச் சொல்லி யார் வேண்டுமானாலும் கை தூக்கலாம். தூக்கியவன் யார் என்று பார்க்கக்கூடாது. தப்பாகத் தூக்கியிருந்தால் அவனுக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடைசி விஷயத்துக்கு நான் சிரித்தேன். வியாபாரி எவனும் சிரிப்பான்.

அப்போதுதான் ராஜஸ்தான் கதையைச் சொன்னாய். மணலில் புதைந்த டாங்கியை இரும்புக் கயிறு கட்டி இழுக்கிறீர்கள். கயிறு விண்ணென்று நிற்கும்போது சமையல்காரர் கை தூக்கிவிட்டார். டாங்கிக்கு அடியில் ஆள் கிடக்கிறான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. போய்ப் பார்த்தால் சுருட்டிப் போட்ட தார்ப்பாய். எல்லோரும் மேஜரைப் பார்த்தீர்கள். அவர் தன் கையிலிருந்த டீ மக்கை அந்த மனுஷரிடம் நீட்டிவிட்டு, "மறுபடி இழுங்க" என்றார்.

"தப்பா நிறுத்துனவன திட்டுனா, நாளிக்கு சரியா நிறுத்த வேண்டியவன் கைய பாக்கெட்ல உட்டுகினு நிப்பான் மாமே" என்றாய். அந்த மேஜர் எங்கே நின்றார் என்று கேட்டேன். "எங்ககூடதான். கயிறு அறுந்தா அவரு காலும்தான் போவும்."

உன்னைப் பழைய பஞ்சாங்கம் என்று சிலர் பேசுவார்கள். அப்படியும் இல்லை. முகப்பேரில் ஒரு கட்டடத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் இறக்கினோமே. சுவர் மறைத்ததால் மூன்று பேரை வரிசையாக நிறுத்திக் கைக்குக் கை சிக்னல் அனுப்பினாய். நடுவில் நின்றவன் கையை மாற்றிக் காட்ட, ஜெனரேட்டர் போய்ச் சுவரை இடித்தது. சாயங்காலம் நீயே வந்து, "அந்தக் காதுல மாட்றத வாங்கிக் குடு மாமே" என்றாய். "பட்டாளத்துல எல்லாம் கைதான்னு சொன்ன?" என்று சீண்டினேன். "எங்க யூனிட்ல மலையாளி, பஞ்சாபி, நாகா எல்லாம் கீறான். திட்றதுக்குத் தனித்தனி பாஷ, வேலைக்குக் கை. ஆனா செவுத்துக்கு அந்தாண்ட கை தெரியாதே, நைனா" என்றாய்.

பட்டாளத்தில் உன் கடைசி வருஷங்களில் யூனிட்டுக்கு வந்த கேப்டனைப் பற்றியும் நியாயமாகத்தான் பேசினாய். அவர் வண்டிக்குள் உட்கார்ந்து டிரோன் அனுப்பும் படத்தைப் பார்த்துக் கட்டளை கொடுப்பார். "மேல இருந்து பாத்தா நமக்குத் தெரியாத பள்ளம் தெரியுது, பொய் சொல்லக்கூடாது. ஆனா அவரு சொல்றது எங்களுக்குக் கேக்குது. நாங்க சொல்றது அவருக்குக் கேட்டுச்சான்னுதான் தெரியல."

பிஜய் கை தூக்கியதற்கு மறுநாள் அந்தக் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். ஆவடி பக்கம் இருக்கும் அவர்கள் இன்னொரு ஷெட்டையும் சேர்த்து ஒரு வருஷ வேலை என் பெயரில் முடிவாகப் போகிற நேரம். புதிதாக மூன்று நிபந்தனைகள் போட்டார். கட்டளை கன்ட்ரோல் ரூமிலிருந்து மட்டும் வரும். கீழே நிற்பவர்களின் மைக் மூடியிருக்கும், கை சிக்னல் கூடாது. பிஜயும் தேவராஜும் கேட்டுக்குள் வரக்கூடாது.

"சார், உங்க கேமராவ நான் குறை சொல்லல. எனக்கே ரெண்டு வாங்கணும். ஆனா பெல்ட்டுப் பக்கத்துல நிக்கிறவன் வாயக் கட்டிட்டுக் கையையும் கட்டச் சொல்றீங்க."

"அவன் பார்த்தது கறை."

"ஆமா சார்."

"இப்படித் தினம் நாலு தடவை ஒருத்தன் கை தூக்கினா என் லைன் என்ன ஆகும்? அதுக்கு யார் பணம் கொடுப்பா? பூந்தமல்லி கிரேன் பார்ட்டி இதைவிடக் கம்மி ரேட்டுக்கு ரெடியா இருக்கார். அவர் ஆளுங்க கை தூக்க மாட்டாங்க."

இந்தக் கேள்விக்கு நீ எனக்குப் பதில் எதுவும் சொல்லி வைத்துவிட்டுப் போகவில்லை. பட்டாளத்தில் மேஜர் டீ மக்கை நீட்டினால் போதும். நின்ற நேரத்துக்கு யாரும் பில் போடப்போவதில்லை. இங்கே போடுவார்கள். இறந்தவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேச எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது. நீ விட்டுப்போன வழக்கத்தை நடத்த மாசாமாசம் செலவாகிறது, மச்சான். எனக்கு முட்டி வலி. கிரேன் லோன் டியூ இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு புது மேனேஜரிடமும் இதே பேச்சை முதலிலிருந்து பேசிப் பேசி அலுத்துவிட்டது. பூந்தமல்லிக்காரர் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று ஒரு நிமிஷம் நாற்காலியைப் பின்னால் தள்ளியும்விட்டேன்.

திறந்திருந்த கதவுக்கு வெளியே தேவராஜ் நின்றிருந்தான், பேசியதெல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது. "இன்னாண்ணா, நாங்க ரெண்டு பேரும் வேற எடம் பாத்துக்கவா?" என்றான். பக்கத்தில் பிஜய், இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு.

அதைப் பார்த்த பிறகு எழுந்து போக முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ரேட் பேசினேன்.

இவ்வளவுக்கு முடிந்தது. ஆட்களோடு கிரேனுக்கு ஒரு நாளைக்கு முப்பத்திரண்டாயிரம் கேட்டேன், இருபத்தெட்டாயிரம். ஹெட்செட் அவர்களுடையது, கட்டளையும் அவர்களுடையது. பிஜயும் தேவராஜும் வேலையில் இருப்பார்கள். நிறுத்த யார் வேண்டுமானாலும் கை தூக்கலாம், ஆபரேட்டர் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அப்படி நிற்கிற நேரத்துக்கு, சரியாக நின்றாலும் தப்பாக நின்றாலும், எனக்கு வாடகை கிடையாது.