முள் மாற்றுவது குறித்து

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். மாடிக் குழாய் வழக்கம்போல் சொட்டுகிறது. உங்கள் தம்பி வழக்கம்போல் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வருகிறார். இரண்டையும் சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லை.

உங்கள் கடிதமும் பார்சலும் ஒரே நாளில் வந்தன. நான்கு பக்கக் கடிதத்தில் ஏறக்குறைய எல்லாமே ரெக்கார்ட் பிளேயருக்கு நீங்கள் அனுப்பிய, முள்ளோடு வரும் புது கார்ட்ரிட்ஜைப் பற்றி. கடைசிப் பக்கத்தின் அடியில், மடிப்பில் பாதி மறைந்தபடி, "கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். உன் அபிப்பிராயத்தையும் எழுது" என்று ஒரு வரி. அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் நான். மடிப்பில் கிடக்கும் வரிதான் முதலில் கண்ணில் படும். இருந்தாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

ரேடியோக்காரர் வந்து புதியதைப் பூட்டிக் கொடுத்தார். பழையது, புதியது இரண்டுக்கும், பிளேயரின் கை நுனியில் மாட்டுகிற தனித்தனித் தலை வைத்திருக்கிறார். மாற்றி மாற்றிச் சொருகிக் கேட்கலாம். வித்தியாசம் என்ன என்று கேட்டேன். "பழசுல காந்தம் ஆடும்க்கா, புதுசுல கம்பிச் சுருள் ஆடும். பழசுல முள் தேஞ்சா நீங்களே உருவிட்டு வேற முள் சொருகிக்கலாம். இதுல முள் போச்சுன்னா மொத்தத்தையும் கழட்டி அனுப்பணும். பாட்டு தங்கமா இருக்கும். ஆனா புது மாப்பிள்ளை மாதிரி தாங்கணும்" என்றார். புது மாப்பிள்ளையை எத்தனை வருஷம் தாங்குவது என்று கேட்டேன். "அது உங்களுக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டுத் திருப்புளியைத் தேட ஆரம்பித்தார்.

புதியதற்குக் குரல் மிகவும் சன்னமாம். அதைத் தூக்கிக் கொடுப்பதற்கென்றே நடுவில் ஒரு பெட்டி வேண்டுமாம். நீங்கள் அதையும் அனுப்பியிருந்தீர்கள். வாயைத் திறந்தாலும் அடுத்த அறைக்குக் கேட்காத ஒருவரோடு ஏற்கெனவே குடும்பம் நடத்திய அனுபவம் இருப்பதால், எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை.

நடுநிலையான தீர்ப்பு வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தம்பியைக் கண்ணை மூடி உங்கள் நாற்காலியில் உட்காரச் சொல்லி, ஒரே பாட்டை இரண்டிலும் போட்டேன். முதலாவது முடிவதற்குள் தொடையில் தட்டி, "அண்ணி, இதுதான் புதுசு! வெண்ணெய் மாதிரி வழியுது பாருங்க!" என்றார். அது பழையது என்று சொல்ல வேண்டியிருந்தது. மூச்சுகூட விடாமல், "அதைத்தான் சொல்றேன் அண்ணி, பழசே இப்படி இருந்தா புதுசு எப்படி இருக்கும்!" என்றார். உங்கள் வம்சத்தில் இதுவரை யாரும் தோற்றதில்லை.

பிறகு தனியாக இருக்கும்போது நம்முடைய முதல் இசைத்தட்டை எடுத்தேன். இந்த வீட்டுக்கு வந்த வாரம் வாங்கியது. பிளேயரைப் போர்வையில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குவதுபோல நீங்கள் மாடிப்படி ஏறினீர்கள். நான் பின்னால் இருந்து, இடிக்காதே, இடிக்காதே என்று சுவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். நாற்காலி வாங்குவதற்கு முன் இசைத்தட்டு வாங்கிய தம்பதி நாம். அப்பா பார்க்க வந்து, ஒரு பக்கம் முழுதும் நின்றுகொண்டே கேட்டுவிட்டு, "ஏம்மா, மாப்பிள்ளைக்கு உக்காரணும்னே தோணாதா?" என்று என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்.

அதில் இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டு, ஒரே வரியில் சிக்கிக்கொள்ளும். ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கமாட்டேன். பிளேயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் அசைய மாட்டீர்கள். சமையலறையில் இருக்கும் நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, விரல் நுனியால் முள்ளை லேசாகத் தள்ள வேண்டும். "என் கை மண் வாருற கை. உன் கைதான் லேசு" என்பீர்கள். சோம்பேறித்தனத்தை இவ்வளவு அழகாகச் சொன்னவரை நான் பார்த்ததில்லை. அதனால்தான் இத்தனை வருஷமும் வந்து தள்ளிக்கொண்டிருந்தேன்.

அன்று புதிய முள்ளில் அதைப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். அந்த வரி வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். பாட்டு சிக்கவில்லை. அது பாட்டுக்கு என்னைத் தாண்டிப் போய்விட்டது. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நடு ஹாலில் நின்றேன். அந்த வரிக்குப் பின்னால் ஒரு வயலின், பாடகியைக் கேலி செய்வதுபோல அதே வரியைச் சின்னதாக வாசித்துக் காட்டுகிறது. நமக்கு அது தெரியவே தெரியாது. ஒவ்வொரு முறையும் நான் தள்ளித் தாண்டியது அதைத்தான்.

ரேடியோக்காரரிடம் கேட்டேன். "பழைய முள் தடிசுக்கா. தட்டோட பள்ளத்துல மேல்பக்கமாவே உரசி உரசி, தேய்மானமெல்லாம் அங்கதான். புதுசு மெலிசு, கீழ வரைக்கும் இறங்கும். அங்க எதுவுமே தொடலை. வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு" என்றார். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி, இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. அதற்காகப் பழைய முள்ளையும் ஒரு முறை போட்டேன். விசுவாசமாக அதே இடத்தில் சிக்கியது. தள்ளாமல் விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு டீச்சர் மேலே வந்து, "என்ன ஆச்சுங்க? ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வருதே. எங்கயாவது மயங்கி விழுந்துட்டீங்களோன்னு நினைச்சேன்" என்றார். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகவே புதியதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. பழையதைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்திருக்கிறேன். புதியதைக் கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இனி அந்த மடிப்பு வரி. முதலில் ஒரு வருஷம் என்று போனீர்கள். பிறகு, வேலை பாதியில் நிற்கிறது என்று இன்னொரு வருஷம். துறைமுகத்தில் தூர்வாரும் கப்பலில் நின்று நீங்கள் மண்ணை வாருகிறீர்கள். கடல் அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டுகிறது. கம்பெனி மறுபடியும் உங்களைக் கூப்பிடுகிறது. கடலுக்கும் கம்பெனிக்கும் இடையே நல்ல புரிதல் இருக்கிறது. அதில் நான் குறுக்கே வரக் கூடாதுதான்.

இருந்தாலும் அபிப்பிராயம் கேட்டிருக்கிறீர்கள். இதற்கென்று ஒரு முழுப் பக்கம் எழுதினேன். உங்கள் வேலையின் முக்கியத்துவம், என் தைரியம், காலம் போகும் வேகம் எல்லாம் அதில் இருந்தன. தொழில் பழக்கத்தில், தேவையில்லாததை அடித்துக்கொண்டே வந்ததில் இரண்டு சொல்தான் மிஞ்சின:

கையெழுத்துப் போடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்தளத்தில் நிற்கும்போது காதை மூடித் துணி கட்டிக்கொள்ளுங்கள். கடல் காற்று உங்களுக்கு என்றைக்குமே ஒத்துக்கொண்டதில்லை. இங்கே காற்று பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி