முதுகுப் பக்கம் நான்கு பொத்தான்

மதிப்புக்குரிய குழந்தைகள் இல்லத்துப் பெரியம்மா அவர்களுக்கு,

தையல்காரன் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். மூவர் என்று எழுதும்போது பேனா இன்னும் ஒரு நொடி நின்றுதான் போகிறது. குழந்தையைப் பற்றி மாதம் ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருந்தீர்கள். வாடிக்கைக்காரர்களிடம் ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லியே பிழைக்கிறவன் நான். இதையும் அப்படியே இரண்டு வாரம் தள்ளிவிட்டேன், மன்னிக்கவும்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தை ஒரு கிலோ கூடியிருக்கிறாள். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. என் மனைவியை இரண்டு முறை ‘அம்மா’ என்று கூப்பிட்டாள். என்னை இன்னும் ‘சார்’தான். “கடைக்கு வர்றவங்ககூட உங்களை இப்படிக் கூப்பிட்டதில்லையே” என்று மனைவி சிரிக்கிறாள்.

இனி கவலை. வந்த வாரமே அவளுக்கு ஏழு சட்டை தைத்தேன். ஆறு வயதுப் பிள்ளை தானே போட்டுக்கொள்ளட்டும் என்று எல்லாவற்றுக்கும் முன்பக்கம் பொத்தான் வைத்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. அவள் எந்தச் சட்டையானாலும் முன்பின்னாகப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். இல்லத்தில் காலையில் பிள்ளைகள் வரிசையாக நின்று, அவரவர் முன்னால் நிற்பவருக்கு முதுகுப் பொத்தான் போட்டுவிடுவார்கள் என்று நீங்கள் பெருமையாகச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சரியென்று பின்னால் போய் நானே போட்டுவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். நான் போட்டுவிடும்போது அவள் கைகளும் முன்னால் வெறும் காற்றில் பொத்தான் போடுகின்றன. மேலிருந்து கீழே நான்கு. பிறகு காலரை இழுத்துவிட்டு, ‘போ’ என்பதுபோல் லேசாக ஒரு தட்டு. நாற்பது நாளாகத் தினமும் இதே கதை. யாருக்கு என்று கேட்டால் செருப்பைத் தேடப் போய்விடுகிறாள்.

மனைவி பயந்துபோயிருக்கிறாள். அலமாரி அருகே, குழந்தைக்கு முன்னால் இருக்கும் அந்த ஒரு முழ இடத்தை அவள் மிதிப்பதே இல்லை. “அங்க யாரோ நிக்கிற மாதிரியே இருக்குங்க, இடிச்சிடுவேனோன்னு இருக்கு” என்கிறாள். பைத்தியமா என்று திட்டினேன். மறுநாள் பார்த்தால் நானும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவி துணிந்து அந்த இடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். குழந்தை கைகளை இறக்கிக்கொண்டு, “இது அவ இல்ல” என்றாள். அவ்வளவுதான்.

பெரியம்மா, நாற்பது நாளாக நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறேன். குழந்தையை அழைத்துப்போக வந்த அன்று, வண்டியில் ஏறும்போது, இவள் சட்டை ஓரத்தை ஒரு பொடிசு பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஆயா வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்ததையும் பார்த்தேன். தத்து மனுவில் ஒரு குழந்தை என்றுதான் எழுதியிருந்தோம். வாயைத் திறந்தால் இவளும் கைநழுவிவிடுவாளோ என்று பயம். பத்து வருஷம் காத்திருந்தவர்கள் நாங்கள். பார்க்காததுபோல் வண்டிக் கதவைச் சாத்தினேன். நேற்றுதான் மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. “எழுதுங்க” என்று பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

அந்தப் பொடிசு இவளுக்குத் தங்கையா, வரிசையில் முன்னால் நின்றவள் மட்டுமா, எதுவானாலும் எங்களுக்கு ஒன்றுதான். அவள் இன்னும் அங்கே இருக்கிறாளா என்று மட்டும் எழுதுங்கள். புது மனு, விசாரணை, எத்தனை கையெழுத்தானாலும் நாங்கள் தயார். வேறு வீட்டுக்குப் போய்விட்டாள் என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள். நான் செய்ததைக் குழந்தையிடம் நானே சொல்ல வேண்டும்.

இத்துடன் ஒரு சட்டை அனுப்பியிருக்கிறேன். முப்பது வருஷமாக அளவெடுக்கிறேன், ஆளைப் பார்க்காமல் தைத்தது இது ஒன்றுதான். குழந்தையின் கைகள் காற்றில் காட்டிய உயரத்தை வைத்து வெட்டினேன். முதுகுப் பக்கம் நான்கு பொத்தான். அவள் அங்கே இருந்தால் போட்டுவிடுங்கள்.

பொத்தானை மட்டும் மாட்ட வேண்டாம், பெரியம்மா. அதற்கு இங்கே ஆள் நிற்கிறாள்.

கைகூப்பிக் கேட்டுக்கொள்ளும்,
தையல்காரன்