அன்புவின் இடது கை

ஜூலை 27, ஞாயிறு. தூறல்.

அன்பு பிழைத்துவிட்டான். சொன்னவர் மருத்துவர், காலையில், நேரில். இடது கையில், கித்தார் கம்பியை அழுத்தும் கையில், மூன்று விரல்களுக்கு உணர்ச்சி இல்லை. அதையும் அவரே சொன்னார்.

இன்னும் நம்ப முடியவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நேற்று மாலை, வடக்கனந்தல் பக்கம் கோயில் விழா. அன்புவுக்குச் சொந்த ஊர். சென்னையில் பவர் பாப் பாடகன்: அதிரடிக் கித்தார், மேலே தித்திப்பான மெட்டு, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நான்கு ஆல்பம். ஊரில் முதல் கச்சேரி. சாமிக்கு எதிரே என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். கித்தார் ஒலிபெருக்கிப் பெட்டிக்குக் கோயில் கரண்ட், மைக்குக்கு ஜெனரேட்டர், இரண்டுக்கும் எர்த் வேறு. உதடு மைக்கில் பட்டது, கரண்ட் பாய்ந்தது. விழுந்தான்.

ஜனம் விசிலடித்தது. "இன்னாமா வுழுந்து ஆடறான் பாரு!" டிரம்ஸ்காரர் ஓடிவந்து வயரைப் பிடுங்கிய பிறகுதான் அமைதி.



ஜூலை 28, திங்கள். வெயில். வண்டி பஞ்சர், பத்திரிகைக்கு நைனார்பாளையம் செய்தி அனுப்பவில்லை.

மைக்செட்காரர் அழுகிறார். "பாடறவங்க வெறுங்கையோட வந்து நிப்பாங்க சார். இவரு கம்பியப் புடிச்சிக்கினு பாடறாரு. எனக்கு இன்னா தெரியும்?"

மருத்துவமனையில் அன்புவின் மனைவி செல்வி: "செருப்ப அவுத்துட்டு ஏறுன்னு நான்தாங்க சொன்னேன்."

எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். செருப்பு காரணமில்லை, மைக்கிலிருந்து உதடு, கை, கித்தார் கம்பி, அந்த வழியில்தான் பாய்ந்திருக்கிறது. செல்வியிடம் சொன்னேன். தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

அன்பு: "சோறு துன்ற கை நல்லாத்தான் கீதுண்ணா. சோறு போடற கைதான் படுத்துக்கினு கீது." சிரித்தான். செல்வி வெளியே போய்விட்டாள்.

ஜூலை 29, செவ்வாய். மலைப் பக்கம் கருத்துக்கொண்டு நிற்கிறது, மழை இல்லை.

அலுவலகத்திலிருந்து போன்: "முன்னாள் கித்தார் கலைஞர்னு போட்டுடலாமா சார்?"

யார் சொன்னது என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அதே கேள்வி, வேறு ஆள்.

மாலை, செல்வி: "மோதிர வெரலு லேசா அசையிதுங்க. நான் பாத்தேன்." மருத்துவரைக் கேட்டேன். "நான் பார்க்கவில்லை" என்றார்.

நரம்புப் பரிசோதனை வியாழன் காலை, புதுச்சேரியில். விரல்களுக்கு உணர்ச்சி திரும்புமா என்பது அன்று மாலை தெரியும். அதுவரை 'முன்னாள்' போடக்கூடாது என்று அலுவலகத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.