அப்பா திறந்த கார் கதவு

பிஷ்கெக், மே 19

அன்பு மகன் உலானுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கசானில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போன வாரம் பேசும்போது இருமினாய், கடைச் சாப்பாட்டை விட்டு ஆட்டெலும்பு வாங்கி சூப் வைத்துக் குடி. மலையில் பனி உருகித் தெரு வாய்க்கால்களில் தண்ணீர் வந்துவிட்டது, ஜன்னலைத் திறந்தால் சத்தம் கேட்கிறது, உன் நினைவு வருகிறது.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா இரண்டு மாதமாக ஒரு விஷயத்தை மூடி வைத்திருக்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை, எழுதிவிடுகிறேன். நீ வாங்கித் தந்த காரை மருந்துக்கடை முன்னால் நிறுத்தியவர், பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டார். சைக்கிளில் வந்த பெண் அதில் மோதி விழுந்து, வலது தோள் எலும்பு முறிந்துவிட்டது. பெயர் ஜிபார், நூலகத்தில் வேலை, உன் வயதுதான் இருக்கும். அப்பாவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நான் போர்சோக் மாவுத் துண்டுகள் பொரித்துக் கட்டிக் கொடுத்து அவளைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். என்ன ஈடு கேட்டாலும் செய்கிறேன் என்றாராம். அவள் சிரித்துக்கொண்டே, "ஈடெல்லாம் வேணாம் ஐயா. எழுதுற கையை உடைச்சிட்டீங்க, உங்க கையை ரெண்டு மாசத்துக்கு இரவல் குடுங்க, போதும்" என்றாளாம். அவளோடு பன்னிரண்டு பேர் ஒரு குழுவாக இருக்கிறார்கள், நம் தெருவில் பஸ்ஸுக்குத் தனித் தடமும் சைக்கிளுக்கு ஒரு பாதையும் கேட்கிறார்கள். புதன்கிழமை காலைகளில் பள்ளிக்கூட மூலையில் நின்று, யார் எதில் போகிறார்கள் என்று எண்ணி எழுதுவது அவள் வேலை.

முதல் புதன் உன் அப்பா, "வேலைவெட்டி இல்லாத கூட்டம், அதுல நான் ஒரு கணக்கப்பிள்ளை" என்று திட்டிக்கொண்டே போனார். மூன்றாவது வாரம் திரும்பி வந்து எண்ணி எழுதிய தாளை என் முன்னால் வைத்தார். பிறகு, "சாய்கல், ஒரு பஸ்ஸுல எழுபத்தெட்டு பேர் மூச்சு முட்டி நிக்கிறாங்க. அதை மறிச்சுக்கிட்டு பத்து கார், ஒவ்வொண்ணுலயும் ஒத்தை ஆளு. என்னை மாதிரி" என்றார். அதற்கப்புறம் எந்தப் புதனும் அவரை நான் எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை வட்டார அலுவலகத்தில் கூட்டம். கடைக்காரர்கள் எல்லாரும் எதிர்ப்பு. அப்பாவோடு தினமும் சதுரங்கம் ஆடும் துணிக்கடை காசிம்தான் அதிகமாகக் கத்தினார். "வாசல்ல கார் நிக்கலேன்னா எவன் என் கடைக்கு வருவான்? இந்தப் பொண்ணு ஓட்டத் தெரியாம எங்கயோ விழுந்துட்டு நம்ம பொழப்புல கை வைக்குது!" ஜிபார் தலையைக் குனிந்துகொண்டாள். என் பக்கத்தில் இருந்த அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். "காசிம், அவ விழல. நான்தான் விழவெச்சேன். முப்பத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டினவன், திரும்பிப் பார்க்காம கதவைத் திறந்தேன். இந்தப் பொண்ணு இன்னிக்கு வரைக்கும் யாருகிட்டயும் என் பேரைச் சொல்லல" என்றார். அவர் உட்கார்ந்ததும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பஸ் தடம் இப்போதைக்கு இல்லை என்றுவிட்டார்கள். மருந்துக்கடையிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஒரு பக்கம் கார் நிறுத்தக் கூடாது, இந்தக் கோடை மட்டும் சைக்கிள் விட்டுப் பார்ப்போம் என்று கோடு போட்டிருக்கிறார்கள். குழுவுக்குப் பாதி மகிழ்ச்சி, பாதி எரிச்சல். காசிம் பேசுவதை நிறுத்திவிட்டார், அப்பா எதிரே வந்தால் தெருவைக் கடந்து போகிறார். அது அப்பாவுக்கு வலிக்கிறது, வெளியே சொல்ல மாட்டார்.

நீயும் ஓட்டுகிற பக்கத்துக் கார் கதவை, அதை ஒட்டியிருக்கும் இடது கையால் திறக்காதே, வலது கையை நீட்டித் திற. உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருபவர் கண்ணில் படுவார். ஜிபார் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தது இது.

இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டவருக்கு உன்னிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. "புள்ள குளிர்ல நின்னு உழைச்சு வாங்கிக் குடுத்த வண்டி, அதுல போய் இப்படிப் பண்ணிட்டேனே" என்று என்னிடம் புலம்புகிறார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. கார் எப்படி ஓடுகிறது என்று மட்டும் கேள். அவர் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாலும் போனை வைத்துவிடாமல் காத்திரு, கண்ணு. உன் பாதை வெளிச்சமாக இருக்கட்டும், கடவுள் துணை இருப்பார்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
சாய்கல்