இரண்டு ரப்பர் வளையங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு, கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

நேற்றுக் காலை காருக்கடியில் எஞ்சின் ஆயில் குளம் கட்டி நின்றது. ஆடிப்போய்விட்டேன். எஞ்சினைத் துடைத்து, எங்கே கசிகிறதென்று பார்க்க முகப்பவுடர் தூவி, உங்கள் மாப்பிள்ளையை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். ஆயில் ஃபில்டரைச் சுற்றிப் பவுடர் கறுத்தது. கழற்றினால், முந்தாநாள் ஆயில் மாற்றும்போது அவர் பழைய ரப்பர் வளையத்தை எடுக்காமலே அதன்மேல் புது வளையத்தோடு புது ஃபில்டரை மாட்டியிருக்கிறார்!

“ஒட்டிக்கிட்டிருந்தது எனக்கென்ன தெரியும்?” என்றார்.

“சாமிக்குத் தெரிஞ்சிருக்கு, அதான் வாசல்லயே ஒழுக விட்டிருக்கு.”

சூடான குழாயில் சொட்டித் தீப்பிடித்திருந்தால்? பின்சீட்டில் பிள்ளை உட்காருவானே! வளையத்தை உரித்து நானே மாட்டினேன். இப்போது சொட்டுகூட இல்லை, கவலைப்படாதீர்கள்.

துடைக்கத் துணியில்லை. உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்காமல் அனுப்பினாலும் சரி. பிள்ளை கூப்பிடுகிறான்.

உங்கள் மகள்