பனியாற்றில் பதிந்த உங்கள் காலடி

அப்பா,

இன்று பல்கலைக்கழகக் களஞ்சிய அறையைத் துப்புரவாக்கும்போது அந்தப் பெரிய சம்மட்டி கையில் பட்டது. பிடியில் இன்னும் உங்கள் தைல மணம். இந்தப் பலேர்மோ நகர வெக்கையிலும் அது போகவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

முப்பது வயது மகள் ஆய்வுக்காக ஆல்ப்ஸ் மலைக்குப் போனால் தகப்பனும் கூடவே போவாரா? நீங்கள் வந்தீர்கள். "பொம்பிளைப் பிள்ளையைத் தனிய விடேலாது" என்று லிபெர்த்தா வீதியில் நீங்கள் வேலை செய்த வீட்டு இத்தாலிய எசமானி சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டு, ரைஸ் குக்கரையும் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். சம்மட்டி அடிக்கவேண்டியவன் காய்ச்சலில் படுத்துவிட, பேராசிரியர் அதை உங்கள் கையில் கொடுத்துவிட்டார்.

வேலை சின்னதுதான். பனியாற்றின் மேல் வைத்த இரும்புத் தகட்டில் ஓங்கி அடிக்கவேண்டும். அதிர்வு பனிக்குள் இறங்கி, அடித்தரையில் பட்டுத் திரும்பும். வரிசையாக நட்ட கருவிகள் அதைக் கேட்டுப் பதியும். கீழே இருப்பது பாறையா, ஈரச் சேறா என்று அதில்தான் தெரியும். பதிந்து முடியும்வரை ஒருவரும் அசையக்கூடாது. அன்று எங்களுக்குக் கடைசி நாள். வெயில் ஏறிப் பனி இளகுமுன் முடிக்காவிட்டால் என் முனைவர் பட்டம் அவ்வளவுதான்.

நீங்களோ அடித்த கையோடு என்னிடம் நடந்து வந்தீர்கள்.

"என்ன பிள்ளை, கீழ தண்ணியோ?"

"அசையாதேங்கோ அப்பா! உங்கட காலடிதான் பதியுது."

"சரி, சரி."

அடுத்த அடி. திரும்பவும் நடை. "இப்ப தெரியுதோ?"

கடைசியில் எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். நீங்கள், "அடிக்கிறதும் நான், பேச்சு வாங்கிறதும் நான்" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்று அடித்தீர்கள். உங்கள் கோபம்தான் என் பட்டத்தைக் காப்பாற்றியது. நல்ல பதிவுகள் எல்லாம் அப்போது வந்தவை.

ஈரச் சேறு என்று நான் உறுதியாகச் சொல்ல மாதக்கணக்கானது. நீங்கள் அடுத்த ஞாயிறே கோயில் வாசலில், "மகள் ஐசுக்குக் கீழ ஆறு கண்டுபிடிச்சிட்டாள்" என்று பரப்பிவிட்டீர்கள். ஆறு இல்லை அப்பா, சேறு. எத்தனை தரம் சொன்னேன்! நீங்கள் கண்ணை மூடிய பிறகும் சனம் என்னிடம் அந்த ஆற்றைத்தான் விசாரிக்கிறது.

மத்தியானம் என்னோடு வேலை செய்யும் பெண் அந்தப் பனியாற்றில் அன்று முதலில் எடுத்த பதிவுகளைத் திறந்து, "இதெல்லாம் வெறும் இரைச்சல், அழித்துவிடவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அவற்றில் பனிக்குக் கீழே என்ன இருக்கிறதென்று ஒன்றும் தெரியாது. நீங்கள் என்னிடம் நடந்து வருவது மட்டும் தெரியும்.